இன்னும் ஓர் ஆண்டு

உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்களுக்கு வருஷம் தவறாமல் வந்து சேரும் துயரம் ஒன்று உண்டு. பிரிவுபசாரக் கூட்டம் என்பது அதற்குப் பெயர். ஒருவழியாக இந்தப் பிள்ளைகள் மனிதர்களாகிவிட்டார்கள், இனி இவர்களோடு பேசலாம், பழகலாம் என்று நமக்குத் தோன்றுகிற சமயம் பார்த்து, கையில் சான்றிதழைக் கொடுத்து அவர்களை அனுப்பிவிட வேண்டியிருக்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே பெஞ்சிகளில் வேறு முகங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

உலகத்தில் இந்தத் துயரத்தை நம்மோடு பங்கிட்டுக் கொள்ளும் ஜாதியார் இன்னும் ஒருவர் இருக்கிறார்கள் என்பது நமக்கு வெகுகாலம் தெரியாது. அமெரிக்க நாட்டில் கலாசாலைக் கால்பந்தாட்டத்தின் அபிமானிகள்தாம் அவர்கள். நம் சகோதரியின் புதல்வன் ஆன் ஆர்பர் நகரத்து மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் படிக்கப் போனான். படிப்பு அவனுக்கு, பைத்தியம் நமக்கு. அவன் பட்டம் பெற்று வெளியேறிய பின்னும் நம்மைப் பிடித்த பைத்தியம் விட்டபாடில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றி நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். கால்பந்து என்று பெயரே தவிர, காலுக்கு இதில் வேலை குறைவு. முட்டை வடிவமான பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவார்கள்; அல்லது தூர எறிந்து பிடிப்பார்கள். பக்கத்துக்குப் பதினொருவர். நாலு முயற்சிக்குள் பத்து கெஜ தூரமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரிக்கு. நூறு கெஜ மைதானத்தின் கோடியைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. இதைப் பார்ப்பதற்கு மிச்சிகன் சர்வகலாசாலை 1927-இல் கட்டிய மைதானத்தில் இன்றைக்கு 1,07,601 பேர் அமரலாம். ஒரு நடுத்தர ஊரையே தூக்கிக்கொண்டுவந்து உட்கார வைத்துவிடலாம்.

கூலிக்கு ஆடும் கோஷ்டியானால், பிடித்த ஆட்டக்காரரைப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் பார்த்துக்கொண்டிருக்கலாம். கலாசாலைக் கோஷ்டியில் அது நடவாது. ஒரு மாணவனுக்குச் சில பருவந்தான் ஆடும் உரிமை. ஆட்டம் கைக்கு வந்து, பெயரும் புகழும் தெரிந்த மறு நிமிஷமே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகையால் பல கலாசாலைகளில், சொந்த மைதானத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்னால், விடைபெறும் மாணவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பெற்றோருடன் மைதானத்தில் நிறுத்தி மரியாதை செய்கிறார்கள். அந்தத் தாய்மார்களின் முகங்களைப் பார்க்கும்போது நம் பள்ளிக்கூடத்துப் பிரிவுபசாரந்தான் நினைவுக்கு வரும்.

அப்படி விடைபெற்றுப் போனவர்களில் நம் மனத்தை விட்டு இன்னும் போகாதவர்கள், மிச்சிகன் கோஷ்டியின் 2023-ஆம் ஆண்டு மூத்த மாணவர்கள்.

*

அவர்கள் வளர்ந்த கதை வெற்றிக் கதையாகத் தொடங்கவில்லை. 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் அந்தக் கோஷ்டி ஆடியது ஆறே ஆட்டம். அவற்றில் ஜயித்தது இரண்டு. பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை அனுப்பிவிட வேண்டும் என்ற பேச்சு பலமாக எழுந்தது. அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழாக மாறிற்று. பத்து வருஷமாக எட்டாக் கனியாயிருந்த ஒஹாயோவை 42-27 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஆண்டின் கடைசி நாளன்று, தேசிய விருதுக்கான அரையிறுதிப் பந்தயத்தில், ஜார்ஜியாவிடம் 34-11 என்று தோற்றார்கள். 2022-இல் பதின்மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து ஜயித்துவிட்டு, அதே டிசம்பர் 31-ஆம் தேதி, அதே அரையிறுதிப் படியில், டெக்ஸாஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலையிடம் 51-45 என்று மறுபடியும் தோற்றார்கள். இரண்டு வருஷப் பிறப்புகள் அவர்களுக்குக் கண்ணீரோடுதான் பிறந்தன.

இந்த இடத்தில்தான் நாம் சொல்லவந்த விஷயம் ஆரம்பமாகிறது. அவர்களில் பலருக்கு அப்போதே கூலிக்கு ஆடும் பெரிய கோஷ்டிகளுக்குப் போக வழியிருந்தது. ப்ளேக் கோரம் என்ற ஓட்டக்காரர் அந்தப் பருவத்தில் 1,463 கெஜம் ஓடியவர். நவம்பரில் முழங்காலில் அடிபட்டுச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். இந்த ஆட்டத்தில் ஓட்டக்காரரின் ஆயுள் குறுகியது. தாங்கிய அடி ஒவ்வொன்றும் பின்னால் வரும் சம்பளத்தில் கழியும். முன்வரிசையில் நின்று இடிபடும் ஜாக் ஜின்டர், ட்ரெவர் கீகன் இருவருக்கும் அதே கணக்குத்தான். லௌகிகம் தெரிந்த எவரும் போய்விடுங்கள் என்றே புத்தி சொல்லியிருப்பார்கள். அவர்கள் போகவில்லை. 2023 ஜனவரியில் ஒருவர் பின் ஒருவராக, இன்னும் ஓர் ஆண்டு இருக்கப் போவதாக அறிவித்தார்கள்.

இதை முழுத் தியாகம் என்று சொன்னால் பொய்யாகும். 2021 ஜூலையிலிருந்து மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு விளம்பர வருமானம் தேடிக்கொள்ள அனுமதி உண்டு. இவர்களை நிறுத்திக்கொள்வதற்காக அபிமானிகள் ‘இன்னும் ஓர் ஆண்டு’ என்ற பெயரிலேயே நிதி திரட்டினார்கள். பணம் வந்ததுதான். இருந்தாலும், பணம் ஒரு மனிதனை நிறுத்தி வைக்கலாமே தவிர, அவன் எப்படி ஆடுவான் என்பதை அது நிச்சயிக்க முடியாது.

கோஷ்டித் தலைவர்களாக மூத்தவர்கள் அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மேற்சொன்ன மூவரோடு மைக்கேல் பாரெட் ஒருவர். 2018-இல் கலாசாலைக்கு வந்தவர், கொள்ளைநோய்க் காலத்துச் சலுகையையும் சேர்த்து ஆறாவது ஆண்டாக ஆடினார். க்ரிஸ் ஜென்கின்ஸ் ஒருவர். ஆறாமவர் மைக் சேன்ரிஸ்டில்.

சேன்ரிஸ்டிலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹெய்ட்டி தீவில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். முதலில் அவருடைய வேலை எறியும் பந்தைப் பிடிப்பது. கைதட்டல் கிடைக்கும் வேலை. 2022-இல் தற்காப்புப் பக்கத்தில் ஆள் தேவைப்பட்டபோது, மூன்று வருஷம் பழகிய வித்தையை விட்டுவிட்டு, எதிரி பந்தைப் பிடிக்காமல் தடுக்கும் வேலைக்கு மாறினார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவரை, நாளைமுதல் சரித்திரம் நடத்துங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னால் நாம் எத்தனை முணுமுணுப்போம்! சேன்ரிஸ்டிலோ 2023-ஆம் பருவத்தில் எதிரி எறிந்த பந்தை ஆறு தடவை வழிமறித்துப் பறித்தார்.

*

பருவம் பாதி ஓடியபோது ஓர் அவமானம் வந்து சேர்ந்தது. பந்தயத்தின்போது பயிற்சியாளர்கள் மைதான ஓரத்திலிருந்து கைச் சைகையினால் ஆட்டக்காரர்களுக்குக் கட்டளை அனுப்புவது வழக்கம். இனி எதிர்க்கப் போகும் கோஷ்டிகளின் பந்தயங்களுக்கு முன்கூட்டியே ஆட்களை அனுப்பி, அந்தச் சைகைகளைப் படம் பிடித்துவரச் செய்தார் என்று கோஷ்டியின் உத்தியோகஸ்தர் ஒருவர் மீது 2023 அக்டோபரில் புகார் எழுந்தது. அப்படி நேரில் ஆள் அனுப்பி வேவு பார்ப்பது விதிக்கு விரோதம். பயிற்சியாளர் ஹார்பா முறைப் பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு மைதானத்துக்கு வரக்கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. வேறொரு புகாரை முன்னிட்டுப் பருவத் தொடக்கத்திலும் மூன்று ஆட்டங்களில் அவர் இல்லை. பதினைந்து ஆட்டங்களில் ஆறு, தலைமைப் பயிற்சியாளர் இல்லாமலே ஆடியவை. ஆறிலும் ஜயம்.

அபிமானி என்பதற்காக நாம் இந்தக் கறையை மூடிவைக்கப் போவதில்லை. விசாரணை முடிந்து 2025 ஆகஸ்டில் சர்வகலாசாலைக்கு இரண்டு கோடி டாலருக்கு மேற்பட்ட அபராதம் விதிக்கப்பட்டது. வெற்றிகளை மட்டும் பறிக்கவில்லை. பரீட்சைக் கூடத்தில் காப்பியடிப்பதைப் பார்த்தும் பாராமல் இருப்பவன் உபாத்தியாயன் அல்ல. ஆனால் கூடத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்காக, நேர்மையாக எழுதிய பிள்ளையின் விடைத்தாளையும் கிழித்துப் போடுகிறவனும் உபாத்தியாயன் அல்ல. விடைத்தாளை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

நாம் படித்த விடைத்தாள் 2023 நவம்பர் 25-ஆம் தேதியது. ஒஹாயோவோடு பந்தயம், சொந்த மைதானத்தில் மூத்தவர்களுக்குக் கடைசி ஆட்டம். இங்கே இரவு பத்தரை மணிக்குத் தொடங்கிற்று. பின்பாதியில் இரண்டு கோஷ்டியும் பதினேழு புள்ளியில் சமமாயிருந்த சமயம், முன்வரிசைக் குவியலுக்குள் ஜாக் ஜின்டர் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. இடது காலில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. லட்சம் பேர் நிறைந்த மைதானத்தில் சத்தமே இல்லை. இரண்டு கோஷ்டியாரும் பார்த்திருக்க, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஓர் ஆண்டுக்காக அவர் தங்கினாரோ, அந்த ஆண்டு அங்கேயே முடிந்துவிட்டது.

வரிசையில் அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்தவர் நகர்ந்தார். பக்கத்திலிருந்தவரின் இடத்துக்கு, அந்தப் பருவத்தில் பெரும்பாலும் மாற்றாளாகவே காத்திருந்த மற்றொரு மூத்த மாணவர் வந்து நின்றார். அடுத்த ஆட்டத்திலேயே பந்து கோரமின் கைக்கு வந்தது. முன்வரிசை வழி திறந்தது. இருபத்திரண்டு கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார் கோரம். தாண்டியதும் கைவிரல்களை ஆறாகவும் பிறகு ஐந்தாகவும் உயர்த்திக் காட்டினார். ஜின்டரின் சட்டை எண் 65.

நள்ளிரவு தாண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாம் ஒண்டியாக எழுந்து நின்றுகொண்டிருந்தோம். எப்போது எழுந்தோம் என்று நமக்கே தெரியவில்லை. அந்த விரல்கள் எந்த எதிரியிடமும் களவாடிய சைகை அல்ல. ஆட்டம் 30-24 என்று மிச்சிகனுக்கு ஜயமாயிற்று.

*

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2024 புத்தாண்டு தினத்தில் ரோஸ் பவுல் பந்தயம். நமக்கு விடியற்காலை மூன்றரை மணி. இரண்டு வருஷமாகத் தடுக்கி விழுந்த அதே அரையிறுதிப் படி. எதிரி அலபாமா. கடைசிக் கட்டத்தில் 20-13 என்று பின்தங்கியிருந்தபோது, நாலாவது முயற்சி, இரண்டு கெஜம் தேவை. தவறினால் எல்லாம் முடிந்தது. பந்து கோரமிடம் வந்தது. இருபத்தேழு கெஜம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஹவாய்த் தீவிலிருந்து வந்த ரோமன் வில்ஸன் என்ற மூத்த மாணவர் பந்தைப் பிடித்துக் கணக்கைச் சமமாக்கினார். கூடுதல் ஆட்டத்தில் கோரம் பதினேழு கெஜம் ஓடி முடித்தார். 27-20.

ஜனவரி 8-ஆம் தேதி ஹூஸ்டன் நகரில் வாஷிங்டனோடு இறுதிப் பந்தயம். இங்கே செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. அன்று காலை பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தோம். சொந்த அலுவல் என்று காரணம் காட்டியதில் பொய் ஒன்றும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறோம். கோரம் 134 கெஜம் ஓடினார். முடிவு நெருங்கும் சமயம் எதிரி எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு எண்பத்தொரு கெஜம் ஓடியவர், பழகிய வித்தையை விட்டுக்கொடுத்த அந்தச் சேன்ரிஸ்டில்தான். 34-13. பதினைந்து ஆட்டம், பதினைந்தும் ஜயம். 1997-க்குப் பிறகு மிச்சிகனுக்குக் கிடைத்த தேசிய விருது.

அந்தக் கோஷ்டியிலிருந்து பதின்மூன்று பேரைக் கூலிக் கோஷ்டிகள் 2024 ஏப்ரலில் தேர்ந்தெடுத்துக்கொண்டன. சர்வகலாசாலையின் சரித்திரத்தில் அதுவரை ஒரே ஆண்டில் அத்தனை பேர் போனதில்லை. கால் முறிந்த ஜின்டரும் அவர்களில் ஒருவர் என்பதைப் படித்தபோது நம் மனம் குளிர்ந்தது. பேர் தெரியாமலே போன மூத்தவர்களும் உண்டு. உபகாரச் சம்பளம் இல்லாமல், பந்தயத்தில் இறங்கும் நம்பிக்கையும் இல்லாமல், வாரம் முழுவதும் பயிற்சியில் எதிரி வேஷம் போட்டு இடிபட்ட மாணவர்கள். வகுப்பில் முதல் மார்க்கு வாங்குகிறவனுக்குப் பாடம் புரிவதே கடைசிப் பெஞ்சிக்காரன் கேட்கும் கேள்வியினால்தான் என்பது நம் அனுபவம். அவர்களுக்கும் இந்தப் பாராட்டில் சரிபாதி உண்டு.

அடுத்த ஆண்டு புது முகங்கள் வந்தன. மஞ்சளும் நீலமும் அதே நிறந்தான். ஆட்டம் அதே ஆட்டம் அல்ல. 2024-இல் எட்டு ஜயம், ஐந்து தோல்வி. ஆனால் நவம்பர் 30-ஆம் தேதி, வெல்வார்கள் என்று எவருமே எதிர்பாராத நிலையில், ஒஹாயோவின் சொந்த மைதானத்திலேயே போய் அவர்களை 13-10 என்று வென்றுவிட்டு வந்தார்கள் அந்தப் பிள்ளைகள். முந்திய ஆண்டு ஜின்டர் விழுந்த அன்று, அவர்களில் பலர் மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

நம் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷத்துப் பிரிவுபசாரக் கூட்டம் அடுத்த வாரம். வழக்கம்போல் நம்மை நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. முன் பெஞ்சிகளில் உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டு, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் அடுத்த வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினால் என்ன என்று மட்டும் தோன்றுகிறது.