வேப்பேரியில் பாதி, வீட்டில் மீதி

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குதிரை வீடு திரும்பினால் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வது ஒன்றுதான். "அப்பாடா, பிழைச்சுடுச்சு!" ஆனால் அது உண்மையிலேயே பிழைத்துவிட்டதா என்பது அடுத்த சில வாரங்களில்தான் தெரியும். அந்த வாரங்களில் டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். நர்ஸ் இல்லை, குளுக்கோஸ் பாட்டில் இல்லை. இருப்பது குதிரையும் அதை வைத்திருப்பவரும் மட்டும்தான்.

குதிரை என்றதும் பந்தயமும் பணக்காரர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மை வேறு. மெரினாவில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரை, மாப்பிள்ளை அழைப்புக்கு வரும் வெள்ளைக் குதிரை, பந்தயத்தில் ஓடி ஓய்ந்தபின் கை மாறி வந்த குதிரை... இவற்றை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். குதிரை படுத்தால் குடும்பமும் படுத்துவிடும்.

திருநின்றவூரில் ஒருவர் அப்படி ஒரு குதிரை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குதிரைக்கு வயிற்றுச் சூலை வருகிறது. வேப்பேரிக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் அங்கேதான் இருக்கிறது. 1989-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்போது இயங்குகிறது. பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று நெரிசலைத் தாண்டி சுமார் 30 கிலோமீட்டர். சிகிச்சை முடிந்து அதே வழியில் திரும்பவும் வேண்டும். ஏதாவது சந்தேகம் வந்தால் சட்டென்று ஓடிப்போய்க் காட்டிவிட்டு வரக்கூடிய தூரமா இது? மனிதனுக்கு என்றால் மின்சார ரயில் இருக்கிறது. குதிரைக்கு லாரி பிடிக்க வேண்டும்!

அதனால்தான் வீட்டுக் கண்காணிப்பு என்பது சிகிச்சைக்குப் பிறகு வரும் உபரி வேலை அல்ல, சிகிச்சையின் மறுபாதியே அதுதான்.

குதிரை சொல்லாது

குதிரை இரையாகும் விலங்கு. காட்டில் நொண்டுவது தெரிந்தால் அதுதான் முதலில் பலியாகும். அதனால் வலியை மறைப்பது அதன் இயல்பிலேயே ஊறியிருக்கிறது. நாயைப்போல் அழுது ஊரைக் கூட்டாது. முகத்தைப் பார்த்து வலியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ந்து, 2014-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். பின்னோக்கி விறைத்த காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேலே இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத் துளை. இந்த ஆறும்தான் அதன் அடையாளங்கள். எல்லாமே நுணுக்கமானவை. தினமும் பார்த்துப் பழகியவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அப்படிப் பார்க்கிறவர் வீட்டில்தான் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் இல்லை.

எதைப் பார்ப்பது?

"ஆனைக்கு அர்ரம் என்றால் குதிரைக்கு குர்ரம்" என்று கேலியாகச் சொல்வார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துவிடுவதற்கு அது பெயர். நோயாளிக் குதிரையிடம் அந்த வேலை ஆகாது. எண்கள் வேண்டும்.

வளர்ந்த குதிரையின் உடல் சூடு ஏறக்குறைய 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஓய்வில் இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். லத்தி ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை. தண்ணீர் சுமார் 25 முதல் 40 லிட்டர், நம் ஊர் கோடையில் அதற்கும் மேலே.

கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் ரத்தக் குழாயை விரலால் தொட்டு நாடியை எண்ணலாம். ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்கலாம். சித்திரை வெயிலில் மத்தியானம் எண்ணினால் மூச்சு கூடுதலாகத்தான் இருக்கும். ஆகவே விடியற்காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கப்போகும் முன் ஒன்று என்று தினமும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த குதிரை என்றால் தையல் போட்ட இடத்தையும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் லேசான வீக்கம் இருக்கலாம். சூடு, சீழ், தொட்டால் சிலிர்த்து விலகுவது இவை கூடாது. ஊசி ஏற்றிய கழுத்து நரம்பு தடித்துக் கயிறுபோல் ஆகிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். லத்தி நின்றாலும் ஆபத்து, தண்ணீராகப் போனாலும் ஆபத்து. ஆன்டிபயாடிக் கொடுத்த குதிரைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வருவது உண்டு. தீனியையும் டாக்டர் சொன்ன அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். "பாவம், இளைச்சுப் போச்சு" என்று பாசத்தில் ஒரு வாளி கொள்ளை வைத்தால், குதிரை மறுபடி வேப்பேரிக்குத்தான் போகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே போனது போனதுதான்.

அடிபடாத காலையும் பாருங்கள்

பார்பரோ என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையின் கதை இங்கே பொருத்தமானது. 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியில் வென்றது. அதே மாதம் 20-ம் தேதி ப்ரீக்னெஸ் பந்தயத்தில் அதன் வலது பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் மறுநாளே அறுவை சிகிச்சை. 27 திருகாணிகள் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். உடைந்த கால் தேறி வந்தது. ஆனால் ஜூலையில் இடது பின்னங்காலில், அதாவது அடிபடாத காலில், குளம்பு அழற்சி வந்துவிட்டது. உடம்பின் பாரத்தை எல்லாம் அந்தக் கால் சுமந்ததன் விளைவு. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 ஜனவரி 29-ல் அதைக் கருணைக்கொலை செய்தார்கள்.

உலகின் மிகச் சிறந்த மருத்துவர்கள் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட குதிரைக்கே இந்த நிலைமை. கட்டுப் போட்ட இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பதுதான் இதில் உள்ள பாடம். தினமும் நான்கு குளம்புகளையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குளம்பு சுடுகிறதா? குளம்புக்கு மேலே, காலின் பின்பக்கத்தில் நாடி பலமாக அடிக்கிறதா? கால் மாற்றி மாற்றி நிற்கிறதா? திரும்ப யோசிக்கிறதா? முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறதா? கடுமையான குடல் நோய்க்குப் பிறகும் குளம்பு அழற்சி வரும் என்பதால், காலில் அடியே படாத குதிரைக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

"ஒரு மாதிரியா இருக்கு"

பரம்பரையாகக் குதிரை வளர்ப்பவர் கேட்கலாம். "எங்க குதிரையை எங்களுக்குத் தெரியாதா? இதுக்கு நோட்டுப் புத்தகம் எதுக்கு?" நியாயமான கேள்வி. அவருக்கு நிச்சயம் தெரியும். படித்த டாக்டரைவிட முன்னதாகவே தெரியும். ஆனால் தெரிந்ததை அவர் டாக்டரிடம் எப்படிச் சொல்வார்? போனில் "சார், ஒரு மாதிரியா இருக்கு" என்பார். டாக்டர் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அதையே, "நேத்து நாடி 40, இன்னிக்குக் காலையில 52, இப்போ 64. காலையிலேருந்து லத்தி போடலை" என்று சொல்லிப் பாருங்கள். எந்த டாக்டரும் நாளைக்கு என்று சொல்ல மாட்டார்!

லாயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு பொது மொழி வேண்டும். அந்த மொழிதான் நோட்டுப் புத்தகம். தெர்மாமீட்டர் ஒன்று, கடிகாரம் ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒரு வேளை லாரி வாடகையைவிடக் குறைவாகத்தான் ஆகும். ஒரே ஒரு எண் கூடினால் அலறவும் வேண்டாம். போக்கு எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். வரிசையாக எழுதி வைத்தால்தான் போக்கு தெரியும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

பழியை எல்லாம் குதிரைக்காரர் தலையில் போடுவது சரியல்ல. டிஸ்சார்ஜ் செய்யும் ஒவ்வொரு கால்நடை மருத்துவமனையும் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்க வேண்டும். எந்த எண் தாண்டினால் போன் செய்ய வேண்டும், எந்த மருந்து எத்தனை நாள், என்று முதல் நடை, என்று வேலை என்பது அதில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் போட்டுக் கொடுக்கலாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு போன் வந்தால் இன்னும் நல்லது. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் மாநிலத்தில் இது பெரிய காரியம் இல்லை.

குதிரைக்காரர் செய்ய வேண்டியதில் மிகக் கடினமானது காத்திருப்பது. வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்பப் பொதுவாக மூன்று மாதமாவது ஆகும். முகூர்த்த சீசனில் மூன்று மாதம் என்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது அவருக்குத்தான் தெரியும். வலி மருந்து கொடுத்திருக்கும்போது குதிரை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அதை நம்பி சேணம் கட்டினால் தையல் பிரியும். சீக்கிரம் தேறட்டும் என்று மருந்தை இரட்டிப்பாக்கினால் வயிறும் சிறுநீரகமும் புண்ணாகும். வேலை செய்யத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் சட்டம் மட்டும் காட்டினால் அடுப்பு எரியாது. அந்த மூன்று மாதத்துக்கு ஒரு சிறு உதவித்தொகையோ காப்பீடோ இருந்தால்தான் நோட்டில் எழுதியதை அவரால் மதிக்க முடியும்.

திருநின்றவூருக்குப் பெருமை சேர்த்தவர் பூசலார் நாயனார். காஞ்சியில் மன்னன் கல்லால் கோயில் கட்ட, கையில் பொருள் இல்லாத இவர் மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் முதல் சிகரம் வரை ஒவ்வொன்றாகக் கட்டினார் என்கிறது பெரியபுராணம். இறைவன் குடமுழுக்குக்கு முதலில் வந்தது இவர் கோயிலுக்குத்தான். யார் கண்ணிலும் படாமல், ஒரு நாளும் விடாமல் செய்த வேலைக்குக் கிடைத்த மரியாதை அது.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தெரியும்படி நடக்கிறது. நள்ளிரவில் லாயத்துக்குள் போய், டார்ச் வெளிச்சத்தில் ஈறைப் பார்த்து, நாடியை எண்ணி எழுதிவிட்டு வருகிறவரை யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி காப்பாற்றித் தந்த உயிரை நிலைக்க வைப்பவர் அவர்தான். அவர் கையில் ஒரு தாளையும் ஒரு தெர்மாமீட்டரையும் கொடுத்து அனுப்ப வேண்டியது நம் மருத்துவமனைகளின் கடமை.