கால் கழுவுற பைப்புக்கும் மீட்டிங்கா?

 

நம்ம கோயில்ல கால் கழுவுற இடத்துப் பைப்பு ஒண்ணு தைப்பூசத்துக்கு முன்னாலேர்ந்து சொட்டுது. மூணு மீட்டிங்ல பேசியாச்சு. ஒரு பைப்புக்காக எந்த பிளம்பரும் வர மாட்டேங்கிறான். அதுக்குள்ள ஒரு புண்ணியவான் சைக்கிள் டியூபைச் சுத்திக் கட்டிட்டார். இன்னொருத்தர் அடியில வாளி வச்சிட்டுப் போயிட்டார்.

முதல்ல அந்த வாளி. தேங்கி நிக்கிற தெளிஞ்ச தண்ணிதான் ஏடிஸ் கொசுவுக்கு வேணும். முட்டை கொசுவாகுறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார இலாகா வந்து புழுவைப் பார்த்தா, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி கம்பவுண்ட் போடலாம். வாஷர் என்ன விலைன்னு ஹார்ட்வேர் கடையில கேட்டுப் பாருங்க. சில்லறைக் காசு! அதோட அந்தப் பக்கம் சிமெந்து பூராவும் பாசி. வயசான அம்மாமார்கள் வெறுங்கால்ல வர்ற இடம் அது.

"சொட்டுதானேண்ணே, விடுங்க"ன்னு சொல்றவங்களுக்கு: ஒன்றரை லிட்டர் பாட்டிலை அடியில வச்சுப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்துல நிறைஞ்சிடுச்சு. ஒரு நாளைக்கு 24 லிட்டர். மாசத்துக்கு 720. பில்லுல இது பெரிய காசு இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா தண்ணித் தடை வந்தா லாரிக்குப் பின்னால தோம்பு தூக்கிட்டு ஓடுறதும் நாமதான்.

உடனே சாடாவைத் திட்டுவோம். கெடாவுல சுத்திகரிச்ச தண்ணில பாதிக்குக் கிட்ட கணக்குல வராமலே போகுது, பழைய குழாய் ஒழுகுறது அதுல பெரிய பங்கு. திட்டலாம், நியாயம்தான். மீட்டருக்கு அந்தப் பக்கம் அவங்க பொறுப்பு. இந்தப் பக்கம்?

அப்பர் சாமி சிலையைப் பாருங்க. தோள்ல என்ன இருக்கு? உழவாரம். தேவாரம் பாடுன வாயோட, கோயில் பிராகாரத்துல புல் செதுக்குன கை அது. திங்களூர்ல அப்பூதியடிகள் அவர் பேர்ல தண்ணீர்ப் பந்தலே வச்சார். சித்திரைச் சதயத்துக்கு மாலை போட்டு வடை பாயசம் சாப்பிடுறோம். அந்தக் கருவியை மட்டும் யாரும் தொட மாட்டோம். கூலிம் ஹைடெக்கிலயும் பாக்கார் அராங்கிலயும் மெஷினையே பிரிச்சு மாட்டுற ஆளுங்க நம்ம கூட்டத்துல எத்தனை பேர்! பேக்டரியில எண்ணெய் ஒழுகுனா ஷிப்ட் முடியுறதுக்குள்ள நிறுத்துறோம். சாமி வாசல்ல மட்டும் நமக்குக் கை வராதா?

"தொட்டுக் கெடுத்துட்டா யார் பொறுப்பு?" கேட்டவருக்குப் பதில். மீட்டர் பக்கத்துல இருக்கிற வால்வை மூடுங்க. பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணியை விடுங்க. மேல இருக்கிற ஸ்குரூவைக் கழட்டினா கைப்பிடி வந்துடும். அடியில இருக்கிற நட்டுல துணியைச் சுத்தி, ஸ்பானர் போட்டு இடப்பக்கமாத் திருப்புங்க. தண்டு வெளிய வரும், நுனியில தேஞ்சு போன ரப்பர் வாஷர் இருக்கும். அதையே கடைக்குக் கொண்டு போங்க, அதே சைஸ் குடுப்பான். மாட்டுறதுக்கு முன்னால வாஷர் உக்கார்ற இடத்தை விரலால தடவிப் பாருங்க. மண் இருந்தா துடைச்சா போதும். குழி விழுந்திருந்தா புது வாஷரும் நிக்காது, பைப்பையே மாத்தணும். கால் சுத்துல மூடுற புது மாடல்ல இந்த ரப்பர் கிடையாது, உள்ள இருக்கிற செராமிக் கட்டையை முழுசா மாத்தணும். அப்புறம், சொட்டுதேன்னு பலம் போட்டு இறுக்காதீங்க ஐயா. இறுக்க இறுக்க ரப்பர்தான் வெட்டுப்படும்.

மொத்தம் அரை மணி நேர வேலை. திருப்பணிக்குப் பேர் பொறிச்ச கல்வெட்டு இருக்கு, வாஷருக்குக் கல்வெட்டு இல்ல. அதனாலதான் யாரும் வரலையோ என்னவோ.

செயலாளர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார். வர்ற ஞாயிறு காலைப் பூசை முடிஞ்சதும் கால் கழுவுற இடத்துல இருப்பேன். மடப்பள்ளிப் பைப்பும் லேசா கசியுது, அதையும் பார்த்துடலாம். இளைஞர்கள் ரெண்டு பேர் வந்தா நல்லது. 12ஆம் நம்பர் ஸ்பானர் யார்கிட்டயாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, என்னோடது வாய் தேஞ்சு போச்சு.