நாலு கை இருந்தால் நழுவாது

கடும் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டு, வாரக்கணக்கில் அசதி. மேலை நாடுகளில் கல்லூரி வயதுப் பிள்ளைகளை அடிக்கடி படுக்கையில் தள்ளும் சுரப்பிக் காய்ச்சல் இப்படித்தான் இருக்கும். எச்சிலால் பரவுவதால் ‘முத்த நோய்’ என்று கேலிப் பெயரும் உண்டு. எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸின் வேலை அது.

இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தால் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாகக் கூடியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை, வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்லும் டி செல்கள். இவ்வளவு பேரும் இந்த வைரஸை அடையாளம் கண்டு வந்தவர்களா, அல்லது சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்த கூட்டமா? 1990-களின் நடுப்பகுதி வரை, பெரும்பாலும் வேடிக்கைக் கூட்டம்தான் என்றே பலரும் நினைத்தார்கள்.

எண்ணும் முறை அப்படி இருந்தது. ரத்த அணுக்களைப் பிரித்து, ஆய்வகத் தட்டில் நாள்கணக்கில் வளர்த்து, எவை வைரஸுக்கு எதிராகப் பெருகுகின்றன என்று பார்ப்பார்கள். உடம்புக்குள் சண்டை போட்டுக் களைத்த செல்கள் தட்டில் வளராமலே செத்துப்போகும். செத்தவை கணக்கில் சேரவில்லை.

நேரடியாகப் பிடித்து எண்ண முடியாதா? அங்கேதான் சிக்கல். டி செல்லுக்கு வைரஸ் முழுசாகத் தெரியாது. நோய் புகுந்த செல், வைரஸ் புரதத்தின் சின்னத் துணுக்கு ஒன்றை எச்.எல்.ஏ. என்ற தன் புரதத்தில் ஏந்தி வெளியே காட்டும். இருபுறமும் கரை கட்டிய வாய்க்கால் போன்ற பள்ளம் அதில் உண்டு. துணுக்கு அதற்குள் படுத்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டி செல் விழித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த டோஹெர்ட்டி, சிங்கர்நாகல் இருவருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு முன் பொருத்தம் பார்க்கிறார்களே, அதுவும் இந்த எச்.எல்.ஏ.தான்.

சரி, எச்.எல்.ஏ.வை ஆய்வகத்தில் செய்து, துணுக்கைச் செருகி, ஒளிரும் சாயம் பூசித் தூண்டிலாக விட்டால்? விட்டுப் பார்த்தால், சில நொடிகளில் நழுவிவிடும். ஒற்றைப் பிடி அவ்வளவு பலவீனம்.

அதே 1996 அக்டோபரில் ஜான் ஆல்ட்மன், மார்க் டேவிஸ் குழு அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் வழி சொன்னது. ஈ.கோலை பாக்டீரியாவிடம் மனித மரபணுவைக் கொடுத்து எச்.எல்.ஏ. புரதத்தைச் செய்ய வைத்தார்கள். அது கட்டி கட்டியாகக் கிடைக்கும். கரைத்து, வைரஸ் துணுக்கோடு சேர்த்து, சரியான வடிவத்துக்கு மடிய விட வேண்டும். பிறகு அதன் வாலில் ஒரு பயோட்டினை ஒட்டினார்கள். முடி கொட்டுகிறது என்று மாத்திரையாக வாங்கி விழுங்குகிறோமே, அதே பயோட்டின். முடிக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு கதை. இங்கே அதன் வேலை கச்சிதம். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் புரதத்துக்கு, பயோட்டினை இறுகப் பிடிக்கும் இடங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு எச்.எல்.ஏ. வந்து மாட்டிக்கொள்ள, நாலு கை உள்ள தூண்டில் தயார். ஒரு கை நழுவினாலும் மற்ற மூன்று பிடித்திருக்கும். இதுதான் டெட்ராமர். சாயம் ஒட்டிய செல்களை லேசர் கருவி ஒவ்வொன்றாக எண்ணிவிடும். தட்டில் வளர்க்க வேண்டியதே இல்லை.

1998-ல் சுரப்பிக் காய்ச்சல் நோயாளிகளின் ரத்தத்தில் இந்தத் தூண்டிலை விட்டார்கள். ஒருவருடைய கொல்லும் டி செல்களில் 44 சதவீதம் வரை, வைரஸின் ஒரே ஒரு துணுக்கை மட்டும் குறிவைத்தவை! ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதுவின் குழு அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வேறொரு வைரஸை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும், உசுப்பப்பட்ட கொல்லும் செல்களில் பாதிக்கு மேல் அந்த வைரஸுக்காகவே வந்தவை. வேடிக்கைக் கூட்டம் என்ற கணக்கு அத்தோடு சரிந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் எண்ணிப் பார்த்தார்கள். இத்தகைய செல்கள் அதிகம் இருந்தவர்களின் ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குச் செய்த தூண்டில் இன்னொருவருக்கு உதவாமல் போகலாம். துணுக்கு மாறினாலும் புதிதாகச் செய்ய வேண்டும். தெருமுனை லேபில் கேட்டால் கிடைக்காது.

ஆனாலும் இது எண்ணிக்கையோடு நிற்கவில்லை. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எதிர்ப்பு சக்தி அடிமட்டத்தில் இருக்கும். நம்மில் பலருக்குள் சும்மா தூங்கும் சைட்டோமெகலோ வைரஸ் அப்போது எழுந்து உயிருக்கே உலை வைக்கும். 2005-ல் பிரிட்டன் மருத்துவர்கள், தானம் கொடுத்தவர்களின் ரத்தத்தில் இந்த வைரஸை அறிந்த டி செல்களை மட்டும் டெட்ராமரால் பிடித்துப் பிரித்து, 4 மணி நேரத்துக்குள் 9 நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். எல்லோருக்கும் வைரஸ் குறைந்தது. 8 பேருக்கு முற்றிலும் விலகியது. அதில் ஒருவர், எந்த மருந்துக்கும் மசியாத தொற்றோடு நெடுநாள் கிடந்தவர்.