டாக்டர் சாந்தா எடுத்த கணக்கு

மயிலாப்பூரில் 1927-இல் பிறந்த டாக்டர் வி. சாந்தா, கையில் கிடைத்த அரசு மருத்துவமனை வேலையை விட்டு, 1955-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் முந்தைய ஆண்டுதான் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது.

ஏழைகளுக்குச் சிகிச்சை தந்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம்; 2005-இல் மகசேசே விருதும் வந்தது. அதிகம் பேசப்படாத பணி ஒன்று உண்டு: பதிவேடு. சென்னையில் யாருக்கு, எந்த உறுப்பில் புற்றுநோய் வருகிறது என்று மருத்துவமனை மருத்துவமனையாக, இறப்புப் பதிவு வரை தேடிக் கணக்கெடுப்பதை 1980-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் ஆரம்பித்தது. நகரத்துப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டதை இந்தக் கணக்குதான் காட்டியது. எங்கே பரிசோதனை முகாம் போடுவது, எதற்கு மருந்து வாங்குவது என்பதெல்லாம் இதை வைத்தே முடிவாக வேண்டும். 2012-இல் பதிவேடு தமிழகம் முழுவதற்கும் விரிந்தது.



மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கும் அக்கறையோடு, இந்தப் பதிவேட்டுக்குக் கணக்கெடுக்கும் ஊழியர்களையும் அரசு நிரந்தரமாக நியமிக்க வேண்டும்.