புல் பதிக்க முதல் ஒரு கேள்வி: தண்ணீர் ஊற்றுவது யார்?



கிழக்குக் கரையோரத்தில் பாடசாலை முற்றங்களில் புல் பதிக்கும் ஆசை கூடி வருகிறது. பழைய மாணவர்கள் காசு சேர்க்கிறார்கள், பெற்றோர் சிரமதானத்துக்கு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். சுடுமணலில் நின்று காலைக் கூட்டம் நடத்தும் பிள்ளைகளுக்குப் பச்சைத் தரை கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் முதல் ஒரு மாதம் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதைப் புல் வாங்க முதலே தீர்மானிக்க வேண்டும் என்கிறோம்.

புதிதாகப் பதித்த புல்லுக்கு வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது. நமது மணல் நிலமோ ஊற்றிய நீரை உடனே கீழே விட்டுவிடும். மாட்டெருவோ கூட்டெருவோ கலந்து பதித்தால் ஈரம் கொஞ்சம் நிற்கும். அப்படியும் முதல் இரண்டு வாரம் சுபஹுக்குப் பின் ஒரு தடவை, அஸர் நேரம் ஒரு தடவை அளவாக ஊற்றத்தான் வேண்டும். பிறகு ஒரு மூலையைக் கையால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வராமல் இழுத்துப் பிடித்தால் வேர் இறங்கிவிட்டது. அதன் பின் தினமும் தெளிக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ஆழமாக நனைய ஊற்றினால் வேர் நீரைத் தேடிக் கீழே போகும். தினமும் மேலால் தெளித்துப் பழக்கிய புல், கச்சான் காற்று அடித்தால் கருகிவிடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 10 பேர்ச் என்பது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் நீர் நின்றால் அது 1 லீற்றர். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்றால் 1,250 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி ஒன்று நிரம்பியும் போதாது. இரண்டு வாரத்துக்கு 17,500 லீற்றர்! இடைவேளைக்குள் மலசலகூடக் குழாயே வற்றிப்போகும் பாடசாலையில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? புல்லா பிள்ளையா என்று கேட்டால் பிள்ளைதான்.

ஆகவே காலத்தைப் பார்த்துப் பதிப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கும்போது பதித்தால் பாதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும். வெள்ளம் நிற்கும் பள்ளத்தை மட்டும் முதலில் நிரவிவிட வேண்டும். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? திறப்பு விழாத் திகதிக்காக ஆடி வெயிலில் பதிக்கிறார்கள். அல்லது நோன்பு விடுமுறைக்கு முதல் வாரம் பதித்துவிட்டுப் படலையைப் பூட்டுகிறார்கள். அதிதிகள் போய்விடுவார்கள், படம் முகநூலில் இருக்கும், புல் இருக்காது.

இன்னொரு வழியும் உண்டு. பிள்ளைகள் ளுஹருக்கு வுழூ செய்யும் தண்ணீர் கானில் வீணாக ஓடுகிறது. வுழூவில் பயன்படுத்திய நீர் சுத்தமானது, அதைக் கொண்டு மீண்டும் வுழூ செய்ய முடியாது என்பதே நமது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. புல்லுக்கு அது தாராளமாகப் போதும். ஒரு குழாயைத் திருப்பிவிட்டால் சரி. ஓடும் ஆற்றில் வுழூ செய்தாலும் விரயம் கூடாது என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். அதைப் பிள்ளைகள் முற்றத்திலும் பார்க்கட்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் புல்லுக்குக் காசு ஒதுக்கும்போது, விடுமுறை நாட்களில் நீர் ஊற்றுபவருக்கான கூலியையும் அதே பட்டியலில் எழுதுங்கள். அதற்கு வழியில்லையென்றால் இந்த வருடம் புல் வேண்டாம். இரண்டு வேப்பங்கன்றுகளை நடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளித் தண்ணீர் போதும், நாளைக்கு நிழலும் தரும்.