கட்டிப்போட்டுத் தீனி போட்டால் கொழுக்காதா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமை என்றால் அங்கே சந்தை. பக்ரீத் நெருங்கும் வாரங்களில் ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவே கால் வைக்க இடம் இருக்காது. அங்கே நிற்கிற ஒரு வியாபாரியிடம், 'ஆட்டை எப்படிண்ணே கொழுக்க வைக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். ரகசியமே இல்லை. 'மேய விடக் கூடாது. கொட்டில்ல கட்டிப்போட்டு, சோளம், தவிடு, புண்ணாக்குனு வேளாவேளைக்குத் தீனி வைக்கணும். அம்புட்டுத்தான்!' என்பார்.

அதே சாலையில் போகிற கம்பெனி பஸ்களையும் கொஞ்சம் பாருங்கள். இந்தப் பக்கம் ஓசூர் சிப்காட், சூளகிரி, குருபரப்பள்ளி என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். வீட்டு வாசலில் இருந்து பஸ் ஸ்டாப்புக்கு பைக். அங்கிருந்து உட்கார்ந்தபடி பயணம். உள்ளே போனால் எட்டு மணி நேரம் ஒரே மெஷின் முன்னால், நின்ற இடத்தை விட்டு நகராமல் வேலை. மணி அடித்தால் கேன்டீனில் சோறு. திரும்பவும் பஸ், திரும்பவும் பைக், அப்புறம் செல்போனைப் பார்த்தபடி படுக்கை. கொட்டில் ஆட்டுக்கும் இந்தத் தம்பிக்கும் என்ன வித்தியாசம்? ஆட்டுக்கு பி.எஃப். பிடிப்பதில்லை!

முப்பது வயதுக்குள் தொப்பை விழுந்துவிடுகிறது. உடனே ஊர் என்ன சொல்கிறது? 'சோம்பேறிப் பய. வாயைக் கட்டத் தெரியல.' மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்து, ஓவர்டைமும் செய்கிறவன் சோம்பேறியாம்! இது எந்த ஊர் நியாயம்? கட்டிப்போட்டுத் தீனி போட்டால் ஆடு கொழுக்கும் என்று தெரிந்த ஊருக்கு, மனுஷன் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு ஏன் மறந்துபோகிறது?

திட்டுகிறவர்களாவது பரவாயில்லை. அந்த வெட்கத்தைக் காசாக்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இடுப்பில் கட்டினால் நடுங்கும் பெல்ட். வேர்க்க வைக்கும் பெல்ட். குடித்தால் கொழுப்பு 'கரையும்' டீ. முப்பது நாளில் தட்டை வயிறு தரும் பவுடர். அமெரிக்காவில் இப்படித்தான், உட்கார்ந்த இடத்திலேயே வயிறு தட்டையாகும் என்று மின்சார பெல்ட் விற்ற மூன்று நிறுவனங்கள் மீது 2002-ல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. நம் நாட்டில் சட்டம் இல்லையா? 1954-லேயே வந்துவிட்டது. மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம். இந்த மருந்தால் குணமாகும் என்று விளம்பரமே செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, சுவரெல்லாம் போஸ்டர் இருக்கிறது!

'பெல்ட் வேணாம் சார், நான் தினமும் சிட்-அப் எடுக்கிறேன்' என்கிறீர்களா? உங்களுக்கும் ஒரு செய்தி. 1984-ல் ஓர் ஆய்வு வெளியானது. 27 நாட்களில் ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுக்க வைத்தார்கள். வயிறு, முதுகு, பின்பக்கம் மூன்று இடத்திலும் கொழுப்பு செல்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். வயிற்றில் மட்டும் தனியாகக் கொழுப்பு குறையவே இல்லை. காரணம் எளிது. தசை வேலை செய்யும்போது பக்கத்தில் இருக்கும் கொழுப்பை எடுத்து எரிப்பதில்லை. உடம்பு முழுவதிலும் இருந்து கொழுப்பு ரத்தத்தில் கரைந்து வருகிறது, தசை அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்தில் முதலில் குறைய வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் பரம்பரையும் ஹார்மோனும். சிட்-அப்பால் வயிற்றுத் தசை பலமாகும், நல்லதுதான். ஆனால், அந்தத் தசையின் மேல் இருக்கிற மெத்தை அப்படியே இருக்கும்.

இன்னொரு கும்பல் இருக்கிறது. பழம்பெருமைக் கும்பல். 'நம்ம தாத்தா காலத்துல களி தின்னாங்க, தொப்பை இருந்துச்சா?' என்பார்கள். கிருஷ்ணகிரி சீமை கேழ்வரகுக்குப் பேர் போனதுதான். இங்கே களி, எல்லையைத் தாண்டினால் முத்தே. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டாமா? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி. அரிசியில் சுமார் 356. வித்தியாசம் அவ்வளவுதான்! நார்ச்சத்தும் கால்சியமும் கேழ்வரகில் ரொம்ப அதிகம், அதற்காகவே தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், களியே தொப்பையைக் கரைக்கும் என்பது கதை. தாத்தா களி தின்றுவிட்டு மாட்டின் பின்னால் பொழுது சாயும்வரை நடந்தார். பேரன் அதே கேழ்வரகை வெல்லம் போட்டு மால்ட்டாகக் குடித்துவிட்டு பைக்கில் உட்கார்கிறான். தாத்தாவின் உருண்டையை எடுத்துக்கொண்டவர்கள் தாத்தாவின் நடையை விட்டுவிட்டார்கள்.

கொள்ளும் அப்படித்தான். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது பழமொழி. கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கொள்ளுப் பருப்பு வைத்தால் பலன் உண்டு. தட்டு நிறையச் சோற்றையும் தின்றுவிட்டு மேலே ஒரு டம்ளர் கொள்ளு ரசம் குடித்தால், கூடுதலாகக் குடித்த கணக்குதான்.

சரி, இது வெறும் அழகுப் பிரச்னையா? பேன்ட் பட்டன் போட முடியவில்லை என்பதற்கா இவ்வளவு பேச்சு? அதற்கு இல்லை. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம். நம் ஆளுக்கு 21.2 சதவிகிதம்! கை கால் ஒல்லி, நடுவில் மட்டும் பானை என்பது நம் இனத்துக்கே உள்ள வாகு. அதனால்தான் 'நான் ஒல்லிதான் சார், தொப்பை மட்டும்தான்' என்கிறவரைப் பார்த்து டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளியானது. சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவிகிதம். பத்தில் நான்கு பேர்!

தொப்பையில் இரண்டு ரகம் இருக்கிறது. விரலால் கிள்ளினால் பிடிபடுவது தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு. கிள்ளினால் பிடிபடாமல், குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே படிந்திருப்பது இன்னொன்று. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வழி போடுவது அதிகமும் இந்த உள் கொழுப்புதான். நல்ல சேதி என்னவென்றால், நடைக்கும் உணவு மாற்றத்துக்கும் முதலில் அசைந்து கொடுப்பதும் அதுதான். எடை மெஷினில் முள் நகராதபோதே உள்ளே அது குறைய ஆரம்பித்துவிடும். பிடிவாதம் பிடிப்பது வெளியே கிள்ளுகிற கடைசி இரண்டு அங்குலம். அதற்காக மனசு உடைந்து, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த அவசரக்காரர்களை நம்பித்தான் பெல்ட் கம்பெனிகள் பிழைக்கின்றன.

ஆகவே எடை மெஷினை ஓரமாக வைத்துவிட்டு டெய்லர் டேப்பை எடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் எச்சரிக்கை.

அடுத்தது தட்டு. சமைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி, புரதம் 3 கிராம்கூடத் தேறாது. இந்தியர்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவிகிதம் சோறு, மாவு, சர்க்கரை வகையறாதான் என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வில் ஒரு முக்கியமான பாடம். அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொண்டதால் மட்டும் பெரிய லாபம் தெரியவில்லை. மாவின் அளவில் ஒரு பங்கைக் குறைத்து அங்கே பருப்பு, பால், முட்டை, மீன் என்று புரதத்தை வைத்தால்தான் சர்க்கரை வரும் அபாயம் குறைகிறது. இதற்குப் புரதப் பவுடர் டப்பா எல்லாம் வேண்டாம். தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே அதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கரண்டி சோற்றைக் குறைத்து, ஒரு கிண்ணம் மொச்சைக் கொட்டைக் குழம்பு, ஒரு முட்டை, ஒரு கை கீரை. நம் ஊர்ச் சரக்கு போதும்.

டீ இன்னொரு திருடன். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஷிஃப்டுக்கு ஐந்து டீ. சுமார் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. அதை எரிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நடப்பீர்களா, சர்க்கரையைப் பாதியாக்குவீர்களா? எது சுலபம்?

நைட் ஷிஃப்ட்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 28 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கட்டுரை ஒன்று, இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு வயிற்றுப் பருமன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 35 சதவிகிதம் அதிகம் என்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு தூங்கத் தயாராக இருக்கும். அந்த நேரத்தில் உள்ளே போகும் சோற்றை, பகலில் கையாளுகிற மாதிரி அதனால் கையாள முடியாது. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், கூடுதல் நேரம் நிற்கும். தூக்கம் கெட்டால் பசியும் கூடும். அதனால் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். நடு ராத்திரிக்கு சுண்டல், முட்டை, மோர் மாதிரி லேசாக ஏதாவது. காலையில் வந்ததும் வழியில் பரோட்டா வேண்டாம், சின்னதாக டிபன், அப்புறம் இருட்டறையில் தூக்கம். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் மாற்றாதீர்கள்.

உடற்பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. பேசலாம், ஆனால் பாட்டுப் பாட முடியாது என்கிற வேகம். பஸ் ஸ்டாப்புக்கு பைக்கை விட்டுவிட்டு நடந்தாலே பாதி தேறிவிடும். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. தோப்புக்கரணம், தண்டால் போதும், செலவு பூஜ்யம். மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு டேப்பைப் பிடியுங்கள்.

'வீட்டு வேலை செய்யற பொம்பளைக்கு எதுக்குத் தனியா எக்சர்சைஸ்?' என்று கேட்கிற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. ஷிஃப்டும் பார்த்து, வந்ததும் அடுப்படியில் நிற்கிற தங்கச்சிக்குக் கால் வலிக்கும், இதயம் வேகமாகத் துடிக்காது. அவளுக்கு அரை மணி நேரம் நடக்க நேரம் வேண்டுமென்றால், அந்த அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டியது நீங்கள்தான்.

கடைசியாகக் கம்பெனிக்காரர்கள். எல்லாப் பொறுப்பையும் தொழிலாளியின் வாய் மேலேயே போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தில் வாபஸ் ஆனது. 12 மணி நேரம் வேலை, போக வர இரண்டு மணி நேரம் என்றால், நடப்பதற்கு எங்கே போவான், தூங்குவதற்கு எங்கே போவான்? வேலை நேரத்துக்கான போராட்டம் உடம்புக்கான போராட்டமும்தான்.

கேன்டீனும் அப்படியே. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். 2020-ல் இயற்றிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. கேன்டீன் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதி உட்காருவதற்கும் பழைய சட்டமே வழி செய்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாம் என்ன பேசுகிறோம்? சாம்பார் தண்ணியா இருக்கு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் சின்னதா இருக்கு! அடுத்த கூட்டத்தில் இரண்டே இரண்டு கோரிக்கை வையுங்கள். நைட் ஷிஃப்டுக்கு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும். டீக்குச் சர்க்கரை தனியாக. மாட்டேன் என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.