ஜுப்பாவும் ஷூபாவும்



சென்ற மாதம் ஒரு தாயிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய மகளுக்கு ரஷ்யாவில் வைத்தியப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பயணத்துக்காக முழங்காலுக்குக் கீழே இறங்கும் கனத்த கோட் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிள்ளையின் பெரிய வாப்பா, "இது அந்நியரின் உடுப்பல்லவா? நம் பிள்ளை இதைப் போடலாமா?" என்று கேட்டுவிட்டார். "அன்றிலிருந்து பெட்டி மூடிக் கிடக்கிறது. பிள்ளையின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. என்ன செய்வது, ஹஸரத்?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஆகவே இங்கேயே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த உடுப்பின் பெயரைப் பார்ப்போம். மகள் போகும் நாட்டில், மிருக ரோமம் வைத்த கனத்த குளிரங்கியை 'ஷூபா' என்பார்கள். இந்தச் சொல் எங்கிருந்து போனது தெரியுமா? நம்முடைய 'ஜுப்பா'விலிருந்துதான்! அரபியரின் ஜுப்பா இத்தாலியருக்கு 'ஜுப்பா'வாகவே போய், ஜெர்மானியரிடம் 'ஷவுபெ' ஆகி, ரஷ்யரிடம் 'ஷூபா' ஆனது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். அதே சொல்தான் தமிழில் 'ஜிப்பா' ஆனது. வெயில் நாட்டில் மெல்லிய துணி, பனி நாட்டில் கனத்த ரோமம். பெயர் ஒன்றுதான்.

ஸ்பானியர் மேல்கோட்டை 'கபான்' என்பார்கள். அது அரபியின் 'கபா'. மொரோக்கோ பக்கத்தில் தலைமூடியுடன் அணியும் கம்பளிப் போர்வையங்கி 'புர்னுஸ்'. அது ஸ்பெயினுக்குப் போய் 'அல்போர்னோஸ்' ஆகி, இன்று குளித்துவிட்டுப் போடும் அங்கிக்குப் பெயராக நிற்கிறது. கொடுத்தது போலவே வாங்கியும் இருக்கிறோம். எகிப்தியப் பெண் தன் கோட்டை 'பால்தோ' என்கிறாள். ரஷ்யப் பெண்ணும் 'பால்தோ' என்கிறாள். இருவருக்கும் அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல்.

ஆங்கிலேயரின் பெயர்களையும் பாருங்கள். 'அல்ஸ்டர்' என்பது அயர்லாந்தின் வடபகுதியின் பெயர். 'டஃபல்' என்பது தடித்த கம்பளித் துணிக்குப் பேர்போன பெல்ஜிய நகரம். 'ராக்லன்' என்பது 1853இல் தொடங்கிய கிரிமியப் போரில் ஆங்கிலப் படையை நடத்திய பிரபுவின் பெயர். 'மெக்கின்டொஷ்' என்பது, இரு துணிகளுக்கு நடுவே இறப்பரை வைத்து நீர் புகாத துணி செய்து 1823இல் காப்புரிமை பெற்றவரின் பெயர். 'ட்ரென்ச் கோட்' 1914இல் மூண்ட உலகப் போரின் பதுங்குகுழிகளிலிருந்து வந்தது. 'அனோரக்' கிரீன்லாந்து மக்களின் சொல். 'பார்க்கா' வடதுருவத்தை அண்டி வாழும் மக்களின் சொல். ஊர், ஆள், போர், பனி! இவற்றில் ஒன்றாவது ஒரு மதத்தின் அடையாளமா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் மலைநாட்டுப் பிள்ளையொருவன் தன் வாப்பாவின் பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சுபஹுத் தொழுகைக்கு வருவான். "தொரை வாரார்" என்று நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்தவன்தான். அவன் கோட்டைக் கழற்றிவிட்டு நடுங்கிக்கொண்டு வரத் தொடங்கினான். உஸ்தாத் காரணத்தை விசாரித்து அறிந்தார். எங்களை ஏசவில்லை. அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, புகாரியில் முகீரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை எடுத்தார்.

ஹிஜ்ரி 9இல் தபூக் பயணம். நபி (ஸல்) அவர்கள் அணிந்திருந்தது கைகள் ஒடுங்கிய ஷாம் தேசத்து ஜுப்பா. கம்பளி ஜுப்பா என்றும் அறிவிப்பு உண்டு. வுழூச் செய்யும்போது கையை மேலே இழுக்க முடியாமல், அங்கியின் கீழ்ப்புறமாகக் கைகளை வெளியே எடுத்துக் கழுவினார்கள். "ஷாம் அப்போது யாருடைய ஆட்சியில் இருந்தது?" என்று உஸ்தாத் கேட்டார். ரோமருடைய ஆட்சியில். எங்கள் தலைகள் குனிந்தன. மறுநாள் அந்தப் பிள்ளையின் கோட்டை நாங்களே எடுத்துக் கொடுத்தோம்.

சகோதரியே, மார்க்கம் உடுப்பின் பிறந்த ஊரைக் கேட்பதில்லை. மறைக்க வேண்டியதை மறைக்கிறதா, தளர்வாக இருக்கிறதா, பெருமைக்காக அணிகிறோமா, பிற மதத்தின் சின்னம் அதில் உண்டா, ஆகாத தோலில் செய்யப்பட்டதா என்றுதான் கேட்கிறது. இவற்றைப் பார்த்து வாங்கியிருந்தால் மனக்கிலேசம் வேண்டாம். அங்கே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும் நாட்கள் உண்டு. அந்தக் குளிரில் உடலைக் காப்பதும் அமானிதம்தான்.

ஹிராவிலிருந்து நபியவர்கள் நடுங்கியபடி வந்தபோது, போர்த்திவிடும்படி கேட்டது அன்னை கதீஜா (ரழி) அவர்களின் வீட்டில்தான். நடுங்குபவரைப் போர்த்துவது நம் உம்மாமாரின் பழைய வழக்கம்.

பெரிய வாப்பாவோடு தர்க்கம் பண்ண வேண்டாம். அவரும் பிள்ளை மீதுள்ள அன்பினால்தான் பேசினார். அரபியில் கோட்டுக்கு 'மிஃதஃப்' என்று பெயர். அதே வேரிலிருந்துதான் பரிவைக் குறிக்கும் சொல்லும் வருகிறது. ஆகவே பெட்டியைத் திறந்து, அந்தக் கோட்டை அவர் கையிலேயே கொடுங்கள். பயணம் புறப்படும் அன்று பிள்ளையின் தோளில் அவரே போட்டு, துஆச் செய்து அனுப்பட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.